இரு கரைகள், ஒரு மொழி: கப்பெஸ்தேரும் சிங்கப்பூரும்



சிங்கப்பூரின் வட எல்லையில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்த ஊர் உட்லண்ட்ஸ். 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்தில், இத்தீவை மலாயா நிலப்பரப்போடு இணைத்தது. இதற்குக் கிழக்கே செம்பவாங்கில் 1938இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். உழைப்பைத் தேடி வந்தவர்கள் ஊராகி, குடும்பமாகி, மொழியோடு நிலைத்த கரை இது.

இக்கரையில் வாழும் நாம், உலகின் மறுகோடியிலுள்ள இன்னொரு கடற்கரை ஊரை அறிந்துகொள்வது நலம். கரிபியக் கடற்பகுதியில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவில், கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்றொரு நகராட்சி உள்ளது. அங்கும் தமிழர் உழைக்கச் சென்றனர். அங்கும் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. அங்கும் சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி என்னும் பெயர்கள் இன்றுவரை வழங்குகின்றன. ஆனால் அப்பெயர்களைத் தாங்குவோர் தமிழ் பேசுவதில்லை. ஒரே மண்ணிலிருந்து புறப்பட்ட மக்களுள் ஒரு சாராரிடம் மொழி நிலைத்ததும் மற்றொரு சாராரிடம் அது மறைந்ததும் எவ்வாறு? இவ்வுரை ஆராயப் புகுவது இவ்வினாவையே.

நிலமும் நீரும்

குவாதலூப் தீவின் வடிவத்தை விரித்த சிறகுகளையுடைய வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிடுவர். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்; சுண்ணாம்புப் பாறையாலான தாழ்ந்த சமவெளி. மேற்குச் சிறகு பாஸ்-தேர். எரிமலையால் எழுந்த மலைநாடு. இரண்டுக்கும் இடையே ரிவியேர் சலே என்னும் குறுகிய உப்புநீர்க் கால்வாய் ஓடுகிறது. பாஸ்-தேரின் தென்பகுதியில் நிற்கும் லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரமுடையது. சிறிய அண்டிலிசுத் தீவுகள் அனைத்திலும் இதுவே மிக உயர்ந்த சிகரம்.

இம்மலையின் கிழக்குச் சரிவில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்தது கப்பெஸ்தேர். கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலைமீது மோதுகிறது. ஆதலால் இச்சரிவில் மழை மிகுதி. கார்பே அருவிகள் இங்குத்தான் வீழ்கின்றன. அவற்றுள் இரண்டு நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையவை. ஊரின் பெயரிலேயே இப்புவியியல் பதிந்துள்ளது. கப்பெஸ்தேர் என்பது காற்று வரும் கிழக்குப் புறத்தைக் குறிக்கக் கடலோடிகள் ஆண்ட சொல். பெல்-ஓ என்பதற்கு 'அழகிய நீர்' என்பது பொருள்.

1493ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தம் இரண்டாம் பயணத்தில், கொலம்பசு இவ்வூரைச் சேர்ந்த சேன்ட்-மாரி கரையில் இறங்கினார். அதன் நினைவாக அங்கே ஒரு சின்னம் உள்ளது. 1635இல் பிரெஞ்சுக்காரர் குவாதலூப்பில் குடியேறினர். எரிமலை மண்ணும் மிகுந்த மழையும் கரும்புக்கு ஏற்றவை. கரும்புக்கு ஆள் வேண்டும். அதன்பொருட்டு ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டனர். 1794இல் ஒருமுறை ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802இல் நெப்போலியனின் ஆட்சி மீண்டும் நிலைநாட்டியது. 1848இல்தான் அது முற்றிலும் ஒழிந்தது. தமிழர் அங்குச் செல்ல நேர்ந்ததன் காரணம் இவ்வாண்டிலேயே தொடங்குகிறது.

கப்பலேறியவர்கள்

விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினர் பலர் தம்மை வருத்திய தோட்டங்களிலேயே தொடர்ந்து உழைக்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் வேறிடத்தில் ஆள் தேடினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்களுக்கு வாயிலாயின. 1854 டிசம்பர் இறுதியில் 'ஓரேலி' என்னும் கப்பல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியரோடு குவாதலூப்பை அடைந்தது. 1861இல் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம், பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆள் திரட்ட வழிவகுத்தது. அதன்பின் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. அது முடிந்தபின் தாயகம் திரும்பக் கப்பற்கட்டணம் இல்லை என்பது உறுதிமொழி. ஆயின் திரும்பியவர்கள் சிறு பகுதியினரே. நோயாலும் கடுமையான உழைப்பாலும் மாண்டவர் பலர். அங்கேயே தங்கியவர் பலர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த முறையீடுகளின் விளைவாக, 1888இல் பிரித்தானிய இந்திய அரசு குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இவ்வாண்டினை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பாய்மரக் கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பயணம் மூன்று திங்கள் அளவுக்கு நீண்டது. அவ்வழியும் அடைபட்டபின், தமிழ்நாட்டிலிருந்து கப்பெஸ்தேருக்குப் புதிய ஆள் வரவில்லை. கடிதமோ நூலோ வருவதும் அரிதாயிற்று. சிங்கப்பூரின் நிலை வேறு. நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பலேறியவர் சில நாட்களில் இங்கு வந்திறங்க இயன்றது. 'ரஜூலா' என்னும் கப்பல் 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்தது. ஒவ்வொரு பயணத்திலும் அது ஆட்களை மட்டுமா ஏற்றிவந்தது? புதிய சொற்களும் இதழ்களும் பாடல்களும் உடன்வந்தன. வரத்து அறாத குளத்தில் நீர் வற்றுவதில்லை.

எஞ்சியவையும் மறைந்தவையும்

கப்பெஸ்தேருக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரம் ஷான்ஜி என்னும் இடத்தில் தென்னிந்தியக் கட்டட அமைப்பில் ஒரு கோயில் நிற்கிறது. நம் சாங்கியை அப்பெயர் நினைவூட்டினும் இரண்டுக்கும் தொடர்பில்லை. அங்கு வழிபடப்படுபவள் மாரியம்மன். கிரியோல் நாவில் அப்பெயர் 'மலியேமேன்' என ஒலிக்கிறது. பிரெஞ்சுக் கரிபியத் தீவுகளில் மதுரைவீரன் 'மல்தேவிலேன்' ஆனான். நாகூர் ஆண்டவரின் பெயரும் உருமாறி, இந்துக்களின் வழிபாட்டிலேயே இடம்பெற்றது. சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலையும், அதனை அடுத்த ஆண்டுகளில் தெலுக் ஆயர் சாலையில் எழுந்த நாகூர் தர்காவையும் அறிந்த நமக்கு, கடலோரத் தமிழகத்தின் அதே நம்பிக்கை உலகம் அட்லாண்டிக் கரையையும் எட்டியது என்பது விளங்கும்.

சொற்களும் சில எஞ்சின. பூசாரி அங்கே 'பூசாலி', மத்தளம் 'மத்தலோன்', பாகற்காய் 'பவொக்கா'. மசாலைப் பொடியிட்டுச் சமைக்கும் 'கொலோம்போ' என்னும் உணவு இன்று தீவினர் அனைவருக்கும் உரியது. நாடகம் என்னும் சொல் 'நாத்ரோன்' என மருவி, இரவில் ஆடிப்பாடி நிகழ்த்தும் கூத்தின் பெயராயிற்று.

எவை எஞ்சின என்பதை வகைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கையும் நாக்கும் காலும் நினைவில் வைத்திருக்கக்கூடியவை எஞ்சின: சமையல், தாளம், கூத்து, வழிபாட்டு முறை, கடவுட்பெயர். பூசாரிகள் தம் முன்னோரிடம் கேட்ட தமிழ்ப் பாடல்களை, பொருள் முழுதும் விளங்காத நிலையிலும், மனனமாக ஒப்பித்துக் காத்தனர். அவர்களது உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் மனனம் செய்த பாடலைக் கொண்டு ஒருவர் தம் மகளுடன் அன்றாட நிகழ்ச்சியைப் பேச இயலாது. உரையாடலே மொழியின் உயிர், அது போயிற்று.

போனமைக்குக் காரணங்கள் உள. முதலாவது, தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் கலந்து அமர்த்தப்பட்டனர். ஆப்பிரிக்க வழியினரோடும் சேர்ந்து உழைத்தனர். அனைவருக்கும் பொதுவான பேச்சு கிரியோல். இரண்டாவது, வந்தவருள் பெண்கள் குறைவு. தாலாட்டும் வசவும் கதையும் தாய்மொழியில் கேட்டு வளரும் வாய்ப்பு பல குழந்தைகளுக்குக் கிட்டவில்லை. மூன்றாவது, பள்ளி முழுவதும் பிரெஞ்சு மொழியில் நடந்தது. நான்காவது, தமிழ் பேசுவது தோட்டக் கூலியின் அடையாளமாய் இழிவாகக் கருதப்பட்டது. 'கூலி' என்ற சொல்லே அங்கே வசைச்சொல்லாகியது. பிள்ளைகள் முன்னேறவேண்டும் என்று விரும்பிய பெற்றோர், தம் மொழியை அவர்களுக்கு அளிக்கத் தயங்கினர்.

இறுதிக் காரணத்தை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. அப்பெற்றோர் மொழிப்பற்று அற்றவர்கள் அல்லர். மொழியைப் பிள்ளைக்கு அளித்தால் பிள்ளையின் வாழ்வு தாழும் என்று ஒரு சமூகம் அஞ்சும் நிலை உண்டானால், பற்று மட்டும் அதனைக் காப்பாற்றாது.

சிதம்பரமும் சாரங்கபாணியும்

கப்பெஸ்தேரின் மைந்தர்களுள் வரலாற்றில் தனியிடம் பெற்றவர் ஆன்ரி சிதம்பரம். பிரெஞ்சு எழுத்தர் செவிவழிப் பதிந்தபடி, ஏடுகளில் அவர் பெயர் 'சிதம்பரோம்' என்று காணப்படும். 1863இல் அவ்வூரில் பிறந்தவர். அவர் காலத்தில் குவாதலூப்பிலேயே பிறந்த இந்திய வழியினருக்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டது. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என்பது ஆட்சியாளர் வாதம். 1904இல் சிதம்பரம் இந்திய வழியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முனைந்தார். தீவின் ஆளுநர் அதனை எதிர்த்தார்; வழக்கு எழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் தளராது போராடினார். 1923இல் இந்திய வழியினரின் குடியுரிமை ஏற்கப்பட்டது. பிற்காலத்தில் இச்சமூகத்திலிருந்து நகராட்சித் தலைவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தோன்றினர். கிராந்த்-தேரின் கடற்கரை ஊரான சான்-பிரான்சுவாவின் தலைவராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய எழுத்தாளர் எர்னெஸ்ட் முத்துசாமி அவர்களுள் ஒருவர்.

சிதம்பரம் வென்றது சிறிய வெற்றியன்று. 'நீ அயலான்' என்று சொல்லப்பட்ட மக்களை 'இம்மண்ணினர்' என்று சட்டத்தை ஏற்கச் செய்தார். ஆனால் அக்குடியுரிமைக்குள் தமிழுக்கு இடம் இருக்கவில்லை. பிரெஞ்சுக் குடியரசின் பொதுமொழி ஒன்றே. 1946இல் குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டமாக்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. மக்கள் உரிமை பெற்றபோது மொழி ஏறத்தாழ மறைந்திருந்தது. எஞ்சியதற்கும் சட்டத்தில் இருக்கை இல்லை.

சிங்கப்பூரில் இதனோடு ஒப்பிடத்தக்கவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய அவர், 1950களில் இங்குள்ள தமிழர் குடியுரிமை பெற்று இந்நாட்டவராகவேண்டும் என்று வலியுறுத்திப் பரப்புரை செய்தார். அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டலையும் முன்னின்று நடத்தினார். குடியுரிமையும் மொழியுரிமையும் அவருக்கு இரு வேறு போராட்டங்களாய்த் தோன்றவில்லை. பின்னர் சிங்கப்பூரின் அரசமைப்பு மலாய், மாண்டரின், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் அதிகாரத்துவ மொழியாக ஏற்றது.

இருவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது முறையன்று. சாரங்கபாணிக்கு வாசிக்கத் தெரிந்த தமிழ்ச் சமூகம் இருந்தது, அச்சகம் இருந்தது. 'சிங்கை நேசன்' போன்ற இதழ்கள் 1880களிலேயே இங்கு வெளிவந்திருந்தன. பல மொழியினரையும் இணைத்து நாடு கட்டவேண்டிய அரசியல் தேவையும் இருந்தது. சிதம்பரத்துக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரு தனி மனிதரின் ஊக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவரைச் சூழ்ந்த நிறுவனங்களே பெரிதும் முடிவு செய்கின்றன.

மண்ணில் தங்கியவை

இருபதாம் நூற்றாண்டில் கப்பெஸ்தேரின் சரிவுகளில் கரும்புக்கு இணையாகவும் பின்னர் அதனினும் மிகுதியாகவும் வாழை பயிரிடப்பட்டது. அண்டிலிசுத் தீவுகளில் 1972 முதல் 1993 வரை, வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டினை அழிக்கக் குளோர்டெகோன் என்னும் பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்பட்டது. அது எளிதிற் சிதையாத நஞ்சு. மண்ணில் தங்கி, மழைநீரோடு ஆற்றில் இறங்கி, கடற்கரையை அடைந்தது. பாஸ்-தேரின் தெற்குக் கரையோரத்துச் சில பகுதிகளில் மீன்பிடிப்பே தடைசெய்யப்பட்டது. 'அழகிய நீர்' எனப் பெயர் பூண்ட ஊருக்கு நேர்ந்த துயரம் இது.

இதனை இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. மலையில் இட்டது கடலில் தெரிகிறது. ஒரு தலைமுறை இட்டது மறு தலைமுறையில் தெரிகிறது. மண்ணைப் போலவே மொழியும் நாம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நெடுங்காலம் சுமந்து நிற்கும். 1880களில் குவாதலூப்பில் திறக்கப்படாத தமிழ்ப் பள்ளியின் விளைவை இன்று பிறக்கும் குழந்தை ஏற்கிறது.

இருப்பினும் அங்கு முயற்சி அற்றுவிடவில்லை. இந்திய மொழிகளை வளர்ப்பதற்கெனவே குவாதலூப்பில் ஒரு மன்றம் இயங்குகிறது. கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும் வளர்ந்தபின் வகுப்பில் அமர்ந்து, தம் குடும்பப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதக் கற்கின்றனர். தாய்மொழியாய் இருந்தது அவர்களுக்கு அயன்மொழியாகி, அந்நிலையிலிருந்து மீண்டும் கற்கப்படுகிறது. அரிய முயற்சி, ஆயினும் இழந்ததை மீட்பது இருப்பதைக் காப்பதினும் பன்மடங்கு கடினம்.

நமக்குரிய பாடம்

இனி நம் கரைக்குத் திரும்புவோம். கப்பெஸ்தேருக்கு வாய்க்காதவை அனைத்தும் நமக்கு வாய்த்துள்ளன: சட்டத்தில் இடம், பள்ளியில் பாடம், நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, நூலகம். எனினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு செய்தி சொல்கிறது. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறிய சிங்கப்பூர்வாசிகள் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். பத்தே ஆண்டுகளில் நேர்ந்த குறைவு இது.

இரு கரைகளின் வரலாற்றையும் அருகருகே வைத்தால் மொழி நிலைப்பதற்கு இரண்டு தூண்கள் வேண்டும் என்பது தெளிவாகும். ஒன்று நிறுவனம், மற்றொன்று இல்லம். கப்பெஸ்தேரில் இல்லமும் கோயிலும் தம்மால் இயன்றவரை சுமந்தன. நிறுவனம் இல்லாமையால் சுமை நழுவியது. இங்கு நிறுவனம் உறுதியாய் நிற்கிறது, இல்லம் தளர்கிறது. ஒற்றைத் தூணின்மேல் கூரை நெடுநாள் நில்லாது. பள்ளியில் வாரத்திற்குச் சில மணி நேரம் கற்கும் தமிழை, உணவு மேசையிலும் மின்தூக்கியிலும் ரயில் பயணத்திலும் பேசாவிட்டால், அது நாளடைவில் தேர்வுக்கு மனனம் செய்யும் பாடமாகச் சுருங்கும். பொருள் விளங்காது பாடலை ஒப்பித்த பூசாரிக்கும் நமக்கும் உள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகப்படத்தில் கப்பெஸ்தேரை மாணவர்களுக்குக் காட்டுங்கள். புதுச்சேரியிலிருந்து அவ்வூருக்கும், நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோடு வரையச் செய்யுங்கள். பின்னர் அவரவர் வீட்டில் மூத்தவர் ஒருவரை அணுகி, குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்த வழியாக வந்தது என்று தமிழில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அந்த வினாவைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ தமிழில் கேட்கவும், சொல்லும் விடையை விளங்கிக்கொள்ளவும் நம் மாணவர்களால் இன்று இயலும். கப்பெஸ்தேரில் ஒரு தலைமுறைக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அடுத்த தலைமுறைக்கு இல்லாமற்போயிற்று.